நள்ளிரவில் தட்டுகிறவர் யார்?



சற்றுமுன் வாசிக்கக் கேட்ட லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு வீடு வருகிறது. ஒரே அறை. தகப்பனும் பிள்ளைகளும் ஒன்றாகப் படுத்திருக்கிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. நடுச்சாமம். வெளியே நண்பன் ஒருவன் தட்டுகிறான். வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, வீட்டில் ஒன்றுமில்லை, மூன்று அப்பம் கடனாகக் கொடு என்கிறான். உள்ளே இருப்பவனுக்கு எழுந்திருக்க மனமில்லை. பிள்ளைகள் தூங்குகிறார்கள், தொந்தரவு பண்ணாதே என்று படுத்தபடியே பதில் சொல்கிறான்.

இந்த உவமையை அண்ணாநகரில் விளக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்துப் பாலஸ்தீன வீடு எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே வடசென்னையில் அந்த வேலை இல்லை. காசிமேட்டிலும் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலும் எத்தனையோ பேர் அப்படித்தான் படுத்து எழுகிறீர்கள். விடியற்காலை ஏலத்துக்குப் போகிற அம்மா விளக்கைப் போட்டால் பத்தாவது படிக்கிற பிள்ளை விழித்துக்கொள்ளும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற அப்பா கதவைத் திறந்தால் கைக்குழந்தை அழும். இயேசு சொன்ன வீடு நம் தெருவில்தான் இருக்கிறது.

அந்த அறையில் இப்போது இன்னொன்றும் படுத்திருக்கிறது. தலையணை ஓரத்தில், சார்ஜர் ஒயரோடு. நடுச்சாமத்தில் கதவு தட்டப்படுவது குறைந்துவிட்டது, போன்தான் தட்டுகிறது. போன் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் இங்கே நிற்கவில்லை. நானும்தான் வைத்திருக்கிறேன், அதில்தான் வாசகம் பார்க்கிறேன். இரவில் அது தட்டும்போது தட்டுகிறவர் யார், நம்மிடம் கேட்பது என்ன என்பதை மட்டும் இன்று யோசிப்போம்.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவை எண்ணூர்க்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சுனாமியில் இறந்தவர்களுக்கு 19-ஆம் ஆண்டு நினைவு செலுத்திவிட்டுப் படுத்த அதே இரவு. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கமெல்லாம் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். கைக்குழந்தைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு மக்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

அன்று மக்களை எழுப்பியது யார்? தெருப் பையன்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கதவைத் தட்ட முடியாத தூரத்தில் இருந்தவர்கள் போனில் தட்டினார்கள். ராயபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் எண்ணூரில் இருக்கும் அம்மாவுக்கு அடித்த போன், அடுத்த குப்பத்திலிருந்து வந்த வாட்ஸ்அப் குரல். "ஏந்திரிம்மா, கேஸ் லீக் ஆயிட்ச்சாம், புள்ளைங்கள இட்டுக்கினு வெளிய வா!" ஒரு பாட்டி என்னிடம் சொன்னார், ராத்திரி போன் வந்தால் எப்போதும் திட்டுகிற ஆள் அவர்: "அன்னிக்கு மட்டும் அது அடிக்காம இருந்திருந்தா நான் தூக்கத்துலயே போய்ட்டிருப்பேன் ஃபாதர்." நற்செய்தியில் வரும் நண்பனின் தட்டல் இதுதான். நேரம் கெட்ட நேரம், தூக்கம் கெடுகிறது, ஆனால் தட்டுகிறவன் அடுத்தவர் உயிருக்காகத் தட்டுகிறான்.

உவமையில் ஒன்றைக் கவனித்தீர்களா? நடுச்சாமத்தில் அப்பம் கேட்கிறவன் தன் வயிற்றுக்காகக் கேட்கவில்லை. நடந்து களைத்து வந்த இன்னொருவனுக்காகக் கேட்கிறான். வந்தவனை உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருவன் பசி மூன்று பேரைத் தொடுகிறது. கடைசியில் கதவு திறப்பது நட்புக்காகக்கூட இல்லை, இவன் வெட்கப்படாமல் விடாமல் தட்டியதால்தான் என்று இயேசு சொல்கிறார். இந்த வெட்கத்தைப் பற்றிப் பிறகு பேசுவேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் நம்மை அடுத்தவரிடம் சேர்க்கிற இடங்கள் இந்தப் பகுதியில் நிறைய. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காமார்களைப் பாருங்கள். ஐஸ் பெட்டியின் பக்கத்தில் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டிய கியூஆர் அட்டை, அதன்மேல் செதில் ஒட்டியிருக்கும். பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் பெட்டி, பணம் வந்தால் தமிழில் தொகையைச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கு அந்தக் குரல் பெரிய துணை. முன்பு சில்லறை இல்லை என்று இருபது ரூபாயைக் குறைத்துவிட்டுப் போவார்கள், இப்போது அது நடக்காது. மகன் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இதைக் குறை சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

கடலுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் காற்று எப்படி, அலை எப்படி என்று போனில் பார்க்கிறீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் எங்கே மீன் கூடும் என்றுகூடச் சொல்லி அனுப்புகிறது. ஆனால் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும், அப்புறம் ஒயர்லெஸ்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். பல நாள் முன்பே கிளம்பிப் போனவர்கள். கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. எத்தனை பங்குகளில் எத்தனை வீடுகளில் அழுகை! அதன்பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவியை விசைப்படகுகளில் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. தட்டினால் கேட்கிற தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும்.

துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் மாலுமிகள் முதலில் கேட்பது சாப்பாட்டையா? சிம் கார்டையும் வைஃபையையும்தான். கடலோடிகளுக்கான கத்தோலிக்கப் பணி 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கியபோது அவர்களுக்குக் கடிதம் சேர்ப்பது ஒரு பெரிய தொண்டாக இருந்தது. இன்று அதே தொண்டு டேட்டா கார்டாக மாறியிருக்கிறது. கப்பலில் இருப்பவருக்கு வீட்டோடு பேச இணைய வசதி செய்துதர வேண்டும் என்று உலகக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள், 2024 டிசம்பர் 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கப்பல் வரை போக வேண்டாம், எண்ணூர் விரைவு சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பாருங்கள். இரவு பதினோரு மணி, வண்டி நகரவில்லை, கேபினில் ஒரு டிரைவர் ஸ்டியரிங்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஊரில் தூங்கப் போகிற மகளுக்கு வீடியோ காலில் கதை சொல்கிறார். அவரிடம் போய் "போனைக் கீழே வையப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு வகைத் தட்டலும் இருக்கிறது. அது அப்பம் கேட்டு வருவதில்லை, அப்பத்தைக் கொண்டுபோக வருகிறது.

நமக்குத் தெரிந்த ஒருவர். படகில் கூலிக்குப் போகிறவர். இதை நான் ஒப்புரவில் கேட்டுச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் ஃபாதர் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கையில் வேலை இல்லை, போன் இருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறிய மெசேஜ் ஒரு மாலையில் வந்தது. அதே போனில் அதே இரவில் ரம்மி ஆப்பின் அறிவிப்பும் வந்தது. முதலில் 200 போட்டார், 500 வந்தது. விடியும்போது நிவாரணம் முழுதும் போயிருந்தது. மனைவிக்குத் தெரியாமல் அதை ஈடுகட்ட ஒரு கடன் ஆப். ஆதார் படம், ஒரு செல்ஃபி, பத்து நிமிடத்தில் பணம். தவணை ஒரு வாரத்தில்! வாரம் முடிந்ததும் மிரட்டல் தொடங்கியது. அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அவர் படத்தைப் போட்டு, இவன் திருடன் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பட்டியலில் "ஃபாதர்" என்று என் எண்ணும் இருந்தது. எனக்கும் வந்தது.

இப்படி எத்தனை வீடுகள் தமிழ்நாட்டில் அழிந்தன என்று உங்களுக்குத் தெரியும், செய்தித்தாளில் படித்தீர்கள். ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் 2022-இல் அரசு ஒரு குழு அமைத்தது. பிறகு சட்டம் வந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று கம்பெனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, 2023 நவம்பரில் அந்த வாதம் செல்லுபடியானது. அப்புறம் 2025 தொடக்கத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பணம் கட்டி ஆடும் ஆட்டம் இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை கூடாது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றமும் அந்த விதி சரிதான் என்றது. சட்டம் எழுதுகிறவர்களுக்கும் புரிந்திருக்கிறது பாருங்கள், நடுச்சாமத்தில்தான் மனிதன் தனியாக இருக்கிறான், அப்போதுதான் அவன் விழுகிறான். ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் நிறைவேற்றிவிட்டது. பெரிய கம்பெனிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. நல்லது. ஆனால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். எங்கோ ஒரு குரூப்பில் ஏதோ ஒரு லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ரம்மியில் பணத்தை விட்ட அந்த மனிதரிடம் கேட்டேன்: "ஏம்பா, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம், பங்கின் அன்பியக் குழுவில் கேட்டிருக்கலாம், என்னிடம் வந்திருக்கலாம். முகம் தெரியாதவனிடம் ஏன் போனாய்?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வெட்கமா இருந்துச்சு ஃபாதர். ஆப்புல யார் மூஞ்சியும் பாக்க வேணாம்ல."

இந்த ஒரு பதிலில்தான் நான் இன்று சொல்ல நினைத்தது முழுதும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமென்றால் முகம் பார்க்க வேண்டும், நிலைமையைச் சொல்ல வேண்டும், "இன்னாத்துக்கு உனக்கு இவ்ளோ பணம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி கசக்கும், ஆனால் அதுதான் நம்மைக் காப்பாற்றும். ஆப் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்காமல் கொடுக்கிறவனுக்கு நம்மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம். நற்செய்தியில் நண்பன் வெட்கத்தை விட்டுத் தட்டினான், அவனுக்கு அப்பம் கிடைத்தது. நாம் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போனைத் தட்டுகிறோம், வீட்டில் இருந்த அப்பமும் போகிறது. ஒருவரையொருவர் தட்ட வைக்கிற போனை வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் தட்ட வேண்டாம், யாரும் தேவையில்லை என்று நினைக்க வைக்கிற எதையும் அதிலிருந்து அழித்துவிடுங்கள்.

போலீஸ் போல, சிபிஐ போல வீடியோ காலில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக் கூடாது" என்று மிரட்டுகிறவர்களும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். யாரிடமும் பேசாதே என்பதுதான் அவர்களுடைய முதல் கட்டளை. அப்படி ஒரு கைது இந்திய சட்டத்தில் கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் உடனே கட் பண்ணிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது.

இன்றைய நற்செய்தியின் பின்பகுதி தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும். பிள்ளை மீன் கேட்டால் எந்தத் தகப்பன் பாம்பைக் கொடுப்பான் என்று இயேசு கேட்கிறார். மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு நடந்தவர், அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், வலை ஏறும்போது மீனோடு கடல்பாம்பும் ஏறும். எத்தனை அவசரமாக இருந்தாலும் கையை விட்டு அள்ளமாட்டீர்கள், குச்சியால் தள்ளி எடுத்துக் கடலில் வீசிவிட்டுத்தான் மீனைக் கூடையில் போடுவீர்கள். போனும் வலைதான். ஆனால் அதில் ஏறுவதை அப்படியே பிள்ளை கையில் கொட்டிவிடுகிறோம்.

பிள்ளை சோறு கேட்கிறது, போனைக் காட்டி ஊட்டுகிறோம். வாயில் என்ன போகிறது என்று அதற்கே தெரியாது, கண் திரையில் இருக்கிறது. இரண்டு வயதில் ஊட்டுவதற்காகக் கொடுத்ததைப் பன்னிரண்டு வயதில் பிடுங்கினால் வீட்டில் கலவரம் வராமல் என்ன செய்யும்? "எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கினே இருக்கான் ஃபாதர், நீங்க கொஞ்சம் கண்டிங்க" என்று அம்மாக்கள் பையனைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். சொல்லும்போதே அவர்கள் கையில் இருக்கும் போன் இரண்டு தடவை ஒளிரும், கண் அங்கே போய் வரும். பையன் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.

கொரோனா காலத்தில் நாமேதான் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தோம், அதையும் மறக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போனுக்குள் போய்விட்டது, நகையை அடகு வைத்து வாங்கினீர்கள். மூன்று பிள்ளைகள், ஒரு போன், யாருக்கு முதலில் கிளாஸ் என்று சண்டை. திருப்பலியும் அப்போது போனில்தான். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துப் போனுக்கு முன்னால் முழங்காலில் நின்றீர்கள், அந்த விசுவாசம் ஆண்டவருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் இன்றும் அப்படிப் பங்கெடுக்கட்டும். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் வந்துவிடுங்கள், நற்கருணை திரை வழியாக வராது.

ஒன்று சொன்னால் சில பெற்றோருக்குக் கோபம் வரும். "போனை வை, போய்ப் படி" என்பது ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கிற மாற்று ஆகாது. போனைவிடச் சுவையான ஒன்று அவனுக்கு இருக்க வேண்டும். வடசென்னைத் தெருக்களில் கேரம் பலகைகள் இருந்தன, இன்னும் சில மன்றங்களில் இருக்கின்றன. பவுடர் தூவி, இரவு எட்டு மணிக்கு டியூப் லைட்டில், சுற்றி நின்று கத்துகிற பத்துப் பேர். அந்தச் சத்தத்திலிருந்துதான் காசிமா வந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். போனில் கேரம் ஆடிப் பழகி அந்தத் தங்கம் வந்துவிடாது. விரல் நுனியில் ஸ்டிரைக்கரின் கனம் தெரிய வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஆட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொருவரையும் காட்டுகிறேன். 2006 அக்டோபர் 12-ஆம் தேதி இத்தாலியில் 15 வயதுப் பையன் ஒருவன் ரத்தப் புற்றுநோயில் இறந்தான். கார்லோ அக்குத்திஸ். 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இணையத்தின் புனிதர் என்று சொல்கிறார்கள், பிள்ளைகள் உடனே "பாருங்க ஃபாதர், புனிதரே கம்ப்யூட்டர் வெச்சிருந்தாரு" என்று என்னிடம் வாதாடுகிறார்கள். வைத்திருந்தார்தான். உலகெங்கும் நடந்த நற்கருணைப் புதுமைகளைத் தேடித் தொகுத்து இணையதளத்தில் ஏற்றினார். வீடியோ கேமும் ஆடினார், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே அளவு வைத்துக்கொண்டு. பிள்ளைகளே, நாளுக்கு என்று நான் சொல்லவில்லை, வாரத்துக்கு! இன்னொன்று, இன்று நம் கையில் இருக்கிற மாதிரி போன் கார்லோ காலத்தில் இல்லை. ஐபோன் சந்தைக்கு வந்தது 2007-இல், அவர் இறந்த அடுத்த ஆண்டு. ஆகவே அவரை நம் போனுக்கு வக்கீலாக இழுக்காதீர்கள். மிலான் நகரத் தெருவில் படுத்துக் கிடந்தவர்களுக்கு உணவும் படுக்கைப் பையும் கொண்டுபோய்க் கொடுத்த பையன் அவர். கணினியை மூடிவிட்டு வெளியே போகத் தெரிந்தவர், அதுதான் அவருடைய புனிதம் என்பது என் எண்ணம்.

லேப்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குப் போன்மேல் உள்ள சந்தேகம் லேப்டாப்மேல் இல்லை. போனைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம், லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும். போனில் கட்டைவிரலால் தள்ளுகிறோம், லேப்டாப்பில் பத்து விரலும் எதையாவது செய்கின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டு நடந்தது. நம் தெருக்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் பெட்டி வந்தது! பீரோவின் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில், தேய்த்த துண்டு போர்த்தி வைத்திருந்தார்கள். அதில் டேலி கற்றுக்கொண்டு துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்சியில் உட்கார்ந்த பெண்ணும் உண்டு. வாங்கிய வாரமே ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் கொண்டுபோய் விற்றவர்களும் உண்டு, அவர்களை நான் திட்டமாட்டேன், பசி அப்படி. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவோம் என்று மீண்டும் அறிவித்தார்கள். கிடைத்தால் விற்காதீர்கள். பழைய மெஷின் ஐந்நூறுக்கோ ஆயிரத்துக்கோ போகும், அதில் கற்றுக்கொள்வது மாதச் சம்பளமாகத் திரும்பி வரும்.

விடாமல் தட்டுவது என்று ஆண்டவர் சொன்னாரே, அதற்குப் போனையே பயன்படுத்திக் காட்டியவர்கள் எண்ணூர் மீனவர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்தது. படகு, வலை, நண்டு, கூழைக்கடா எல்லாம் தார் பூசிய மாதிரி. அவர்கள் என்ன செய்தார்கள்? கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தார்கள். எண்ணெய் ஒட்டிய வலையைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். பத்திரிகை வந்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆற்றில் இன்னும் நியாயம் முழுதாக வந்துசேரவில்லை, சாம்பலும் எண்ணெயும் அங்கேதான் இருக்கின்றன. நம் போனுக்குச் சார்ஜ் ஏறுவது அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியில்தான், அதன் சாம்பல் செப்பாக்கத்து மக்கள் தலையில் விழுகிறது என்பதையும் அந்த வீடியோக்கள் எனக்குக் காட்டின. ஆகவே போனை ஆயுதமாக வைத்துக்கொண்டு நீதிக்காகத் தட்டுகிறவர்களைத் தடுக்காதீர்கள், அவர்களோடு சேர்ந்து தட்டுங்கள். ஆனால் பார்த்ததை மட்டும் அனுப்புங்கள். மழைக்காலத்தில், ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ ஒருவர் குரூப்பில் போடுவார். நீங்கள் கண்ணால் பார்க்காததை அன்பியக் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். பயத்தில் ஓடி விழுகிறவர் உங்கள் தெருப் பாட்டியாக இருக்கலாம்.

கடைசியாகச் சில ஏற்பாடுகள். செபமாலை மாதம் முழுவதும் வீட்டில் செபமாலை சொல்லும் நேரத்தில் எல்லாப் போனும் பீரோமேல் இருக்கட்டும், அப்பாவின் போனும் சேர்த்து. இரவு படுக்கும்போது ஒரு போன் மட்டும் சத்தத்தோடு இருக்கட்டும், அது அவசரத்துக்கு, மற்றவை அணைந்திருக்கட்டும். திங்கள்கிழமையிலிருந்து பங்கு மண்டபம் மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை மாணவர்களுக்குத் திறந்திருக்கும், மேசை, நாற்காலி, இணைய வசதி உண்டு, எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். இளையோர் இயக்கத்தினர் மேற்பார்வை பார்ப்பார்கள். ஒரு மூலையில் கேரம் பலகையும் போட்டிருக்கிறோம். பணம் கேட்டு மிரட்டல் வருகிறதா, ஆட்டத்தில் பணம் போய்விட்டதா, வெட்கப்படாமல் வாருங்கள், இரவு எந்நேரமும் பங்கு இல்லத்து எண்ணுக்கு அடியுங்கள், அது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நான் தூக்கக் கலக்கத்தில் சலித்துக்கொண்டாலும் விடாமல் அடியுங்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, வரும் ஞாயிறு காலைத் திருப்பலிக்குக் கொண்டுவாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் கோவில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரிப்பேர் செய்ய ரிச்சி தெருவில் வேலை பார்க்கும் நம் தம்பிகள் இருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.